விட்ட கையும் எடுத்த கையும்

பயிற்சிக் கட்டணம் 3,500 ரூபாய். ஏழு நாள் தங்க இடம், மூணு வேளை சாப்பாடு, பயிற்சிக்குப் பறை எல்லாம் இதுல அடக்கம். சொந்தமா பறை வேணும்னா அதுக்குத் தனிக்காசு. பணம் கட்டினதும் வாட்ஸப்பில் ஒரு ரசீது வந்தது. கூடவே கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியல்: பருத்தி உடை, துண்டு, தண்ணி பாட்டில், கொசுவத்தி, விரலில் சுற்ற பிளாஸ்திரி.

இதே வேலையைச் செய்ததற்காக என் தாத்தாவுக்கு ஊர் கொடுத்தது அறுப்புக்கு இத்தனை வள்ளம் தானியம். சாவு விழுந்தால் கொஞ்சம் சில்லறை. நான் பறை அடிப்பதற்குக் காசு கொடுத்தேன். அவர் அடிக்காமல் இருப்பதற்கு விலை கொடுத்தார். இரண்டுக்கும் நடுவில் நாற்பது சொச்சம் வருஷம்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்கு: தம்மம்பட்டி சேலம் மாவட்டத்தின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சமலை, நடுவில் பெரும்பாலும் மணலாக மட்டுமே ஓடும் சுவேத நதி. ஊர்ப் பெயரைச் சொன்னால் எல்லோரும் கேட்பது மரச்சிற்பத்தைத்தான். கோயில் வாகனம், கதவு, தசாவதாரப் பலகை என்று இங்கே செதுக்கியது எங்கெங்கோ போய் நிற்கும். மரத்தின் நரம்பு பார்த்து உளி வைக்கத் தெரிந்த கைகள் உள்ள ஊர். பறைச் சட்டம் செய்வதற்கும் அதே மர அறிவுதான் வேண்டும். ஆனால் அதற்குப் பெயர்ப்பலகை வைத்த கடை எதையும் நான் சின்ன வயதில் பார்த்ததில்லை.

பயிற்சி முகாம் நடந்தது ஊருக்கு வெளியே ஒரு பாக்குத் தோப்பில். பெங்களூருவில் மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருக்கும் நான், சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே வெளியூர்க்காரி மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கினேன். மொத்தம் 24 பேர். கோவை, சென்னை, மதுரைப் பக்கத்துப் பசங்க, சட்டம் படிக்கும் இரண்டு பெண்கள், ஒரு அரசுப்பள்ளி ஆசிரியர், எடின்பரோவில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்திருந்த ஒரு அக்கா. முதல் நாள் வட்டமாக உட்கார்ந்து, ஏன் வந்தீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னோம். "ஆதி இசை", "தமிழர் அடையாளம்", "மன அழுத்தம்" என்று பதில்கள் வந்தன. என் முறை வந்தபோது, "பக்கத்து ஊரு. லீவு இருந்துச்சு" என்றேன். அதுவும் உண்மைதான்.

ஆசானுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். சத்தமாகப் பேசமாட்டார். பறையை முதலில் கையில் கொடுக்கவில்லை, பிரித்துக் காட்டினார். மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புத் தகடு வைத்து ஒன்றாகப் பூட்டினால் வட்டச் சட்டம். அதன்மேல் கன்றுத் தோல். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. இடது கையில் நீளமான, மெல்லிய மூங்கில் சிம்புக்குச்சி. வலது கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. பறை இடது தோளில் தொங்கும். இடது கை சட்டத்தையும் பிடிக்கணும், குச்சியையும் ஆட்டணும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு எல்லாச் சிக்கலும் அந்த இடது கையில்தான்.

"அடிக்கறதுக்கு முன்னாடி நடக்கக் கத்துக்கங்க" என்றார். முதல் ஒன்றரை நாள் பறையே இல்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து, தோப்புக்குள் வரிசையாக நின்று, வாயால் சொல்கட்டைச் சொல்லிக்கொண்டே முன்னே இரண்டு, பின்னே இரண்டு, சுற்று, உட்கார், எழு. தொடை கழன்றுவிடும் போலிருந்தது. பறை என்பது அடிக்கும் கருவி என்றுதான் நினைத்துக்கொண்டு வந்திருந்தோம். அது ஆடிக்கொண்டே அடிக்கும் கருவி. கால் தப்பினால் தாளம் தப்பும். பக்கத்தில் இருப்பவர் தோள் எங்கே போகிறது என்று கண் பார்க்காமலே உடம்புக்குத் தெரியணும்.

இரண்டாம் நாள் மத்தியானம் வைக்கோலும் பழைய பேப்பரும் போட்டுத் தீ மூட்டினார்கள். பறையைக் காட்டிக் காட்டி எடுத்து, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டினார் ஆசான். தோல் முறுக்கேறினால் சத்தம் மாறும். தளர்ந்த பறை 'தொப்' என்கும். காய்ந்த பறை நெஞ்சு எலும்பில் வந்து அடிக்கும். என் கையில் பறை வந்தபோது எல்லோருக்கும் போல எனக்கும் இடது கை பின்தங்கியது. ஆசான் எதிரில் வந்து நின்று, என் மணிக்கட்டைப் பிடித்து, குச்சியோடு சேர்த்து ஆட்டினார். "கை உங்களுது இல்லனு நெனைச்சுக்கங்க" என்றார். 24 பேர் மணிக்கட்டையும் அப்படித்தான் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தோப்பில் பாய் விரித்துப் பேசிக்கொண்டிருப்போம். மூன்றாம் நாள் இரவு எடின்பரோ அக்கா ஒரு விஷயம் சொன்னார். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடலோர ஊரில் ஒவ்வொரு கோடையிலும் ஸ்காட்டிஷ் நாட்டு நடன முகாம் நடக்கும், வாரக்கணக்கில். அவர் ஒரு வாரம் போயிருக்கிறார். பகலில் வகுப்பு, ராத்திரி ஆட்டம். வகுப்பிலேயே பியானோவோ ஃபிடிலோ நேரடியாக வாசிப்பார்கள். மெல்லிய தோல் ஷூ போட்டுக்கொள்ள வேண்டும். எழுபது வயசுப் பாட்டிகளெல்லாம் களைக்காமல் ஆடுவார்கள். பெரும்பாலும் நான்கு ஜோடி சேர்ந்தது ஒரு செட்.

"ஒரு டான்ஸ் முடியறதுக்குள்ள அந்த எட்டுப் பேர்ல முக்காவாசிப் பேரோட கையப் புடிச்சிருப்போம். யாரு என்னன்னு தெரியாது. கை நீட்டணும், அவ்ளோதான். கை குடுக்காம அந்த ஆட்டமே நகராது" என்றார்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் தேடிப் படிக்க ஆரம்பித்தது, முகாம் முடிந்து பல வாரம் வரை நீண்டது.

அந்தச் செயின்ட் ஆண்ட்ரூஸ் முகாம் 1927 முதல் நடக்கிறது. அதை நடத்தும் சங்கத்தை 1923இல் கிளாஸ்கோவில் தொடங்கியவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் உடற்பயிற்சி ஆசிரியை ஜீன் மில்லிகன். இன்னொருவர் இசபெல் ஸ்டூவர்ட். புது மோஸ்தர் நடனங்கள் வந்து பழைய ஆட்டங்கள் மறந்துகொண்டிருந்த காலம் அது. வயசானவர்களிடம் கேட்டு, பழைய கையெழுத்துப் படிகளைப் பார்த்து, அடவுகளைப் புத்தகமாகப் போட்டார்கள். இன்று அந்த ஆட்டம் உலகம் முழுக்க ஒரே மாதிரி ஆடப்படுகிறது என்றால் அதற்கு அந்தப் புத்தகங்களும் முகாம்களும் முக்கியக் காரணம்.

இங்கிலாந்தின் கதை இன்னும் கொஞ்சம் சிக்கலானது. 1899 டிசம்பர் 26. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஹெடிங்டன் என்ற இடத்தில், மாமியார் வீட்டில் தங்கியிருந்தார் செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர். வாசலில் ஒரு கூட்டம் வந்து மோரிஸ் நடனம் ஆடியது. அது கோடை தொடங்கும்போது ஆடும் ஆட்டம். குளிர்காலத்தில் ஆட வந்ததற்குக் காரணம், பனியில் கட்டட வேலை நின்றுபோய் கையில் காசில்லாமல் இருந்ததுதான். கூட்டத்தில் கான்செர்ட்டினா வாசித்தவர் வில்லியம் கிம்பர், ஒரு கொத்தனார். ஷார்ப் மறுநாள் அவரை வரவழைத்து மெட்டுகளை எழுதிக்கொண்டார். ஆங்கில நாட்டுப்புற நடன மீட்பு பற்றி எழுதுகிற எல்லோரும் அந்த நாளைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த மெட்டுகளுக்குத் திரும்பக் கால் முளைத்தது 1905இல். மேரி நீல் என்பவர் லண்டனில் தையல் வேலை செய்யும் ஏழைப் பெண்களுக்காக ஒரு மன்றம் நடத்திவந்தார். அவர் ஷார்ப்பிடம் விசாரித்து, கிம்பரையே லண்டனுக்கு வரவழைத்தார். கொத்தனார் சொல்லிக்கொடுக்க, தையல்காரப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அதே பெண்கள் ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு ஷார்ப்புக்கும் நீலுக்கும் சண்டை வந்தது. ஆட்டம் பிசகில்லாமல் இருக்கணும், அதைச் சொல்லிக்கொடுப்பவர் முறையாகப் பயின்று தேர்ந்தவராக இருக்கணும் என்பது ஷார்ப்பின் கட்சி. ஆட்டம் மக்களுடையது, உயிரோடு இருந்தால் போதும் என்பது நீலின் கட்சி. 1911இல் ஷார்ப் ஆங்கில நாட்டுப்புற நடனச் சங்கத்தைத் தொடங்கினார். வரலாற்றில் முதலில் அவர் பெயர்தான் நின்றது. லண்டனில் இருக்கும் நடன மாளிகைக்கும் அவர் பெயர்தான்.

இதைப் படித்தபோது எனக்கு நம்மூர்க் கூத்து எல்லாம் ஞாபகம் வந்தது. பிசகில்லாத அடவா, உயிருள்ள அடவா என்ற சண்டை நம் தோப்பிலும் நடந்தது. யாரோ யூடியூபில் பார்த்த ஒரு அடியைக் காட்டி, "இதுதான் ஒரிஜினலா ஆசானே?" என்று கேட்டபோது அவர் சிரித்தார். "எங்கப்பா அடிச்சது ஒரு மாதிரி. பக்கத்தூர்ல வேற மாதிரி. ஒரிஜினல்னு ஒண்ணு இருந்தா எனக்கும் சொல்லுங்க" என்றார்.

ஆனாலும் கிம்பரின் கதை என் தாத்தாவின் கதை இல்லை. கிம்பர் வறுமையில் ஆடினார், உண்மை. ஆனால் ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் ஆடாமல் வீட்டில் படுத்துக்கொண்டால் யாரும் அவர் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தமாட்டார்கள். அவர் மகன் கான்செர்ட்டினா வாசித்தே ஆகணும் என்று ஊர் கூடிச் சொல்லாது. பறை விஷயத்தில் நடந்தது அதுதான். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளில் பறையையும் வைக்கிறது. முகாமில் இதைச் சொல்லும்போதெல்லாம் எல்லோரும் கைதட்டுவோம். ஐந்து நிலத்துக்கும் பொதுவாக இருந்தது எப்படி ஒரு சாதியின் தோளில் மட்டும் கட்டாயக் கடமையாக ஏற்றப்பட்டது என்ற கேள்விக்கு வரும்போது கைதட்டல் நின்றுவிடும்.

என் தாத்தா பறையை விட்டது 1981இல். அப்பாவுக்கு பஸ்ஸில் நடத்துநர் வேலை கிடைத்த வருஷம். போராட்டம், கோஷம் எதுவும் இல்லை. ஒரு சாவுக்கு ஆள் வந்து கூப்பிட்டபோது, "இனிமே வரமாட்டேனுங்க" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு வெள்ளாமைக்கு எங்கள் வீட்டுக்குக் காட்டு வேலை இல்லை. கடையில் கடன் இல்லை. ஆயா தலைச்சுமையாக விறகு கொண்டுபோய் தம்மம்பட்டியில் விற்றிருக்கிறது. "தோலக் கிழிச்சுப் போட்டுட்டு சட்டத்த அடுப்புல வச்சிட்டாரு உங்க தாத்தன். பூவரசங்கட்ட, நல்லா நின்னு எரிஞ்சுது. அன்னிக்கு அதுல வெந்த சோத்தத்தான் தின்னோம்" என்று சொல்லும். நான் பிறந்தபோது எங்கள் வீட்டில் பறை என்ற சொல்லே கிடையாது. டிவியில் அந்தச் சத்தம் வந்தால் அப்பா சேனலை மாற்றுவார்.

தமிழ்நாடு முழுக்க இப்படிப் பறையைக் கீழே வைத்தவர்கள், எரித்தவர்கள் உண்டு. அதே சமயம் அதைக் கையில் எடுத்துத்தான் பேசணும் என்று சொன்னவர்களும் உண்டு. மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு பறையையும் கிராமியப் பாட்டையும் வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். திண்டுக்கல்லில் சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழு, பெண்கள் தொடவே கூடாது என்றிருந்த பறையைத் தலித் பெண்கள் கையில் கொடுத்தது. புத்தர் கலைக்குழுவின் மணிமாறனும் மகிழினியும் மேடை மேடையாக அடித்தார்கள். 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம், பூங்காக்களில் பறையை நடுநாயகமாக நிறுத்தியது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்போது அமெரிக்கத் தமிழ் விழாக்களில் பறை இல்லாமல் மேடை தொடங்குவதில்லை. என் தாத்தா இதில் எதையும் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை ஆசானுக்கு ஒரு போன் வந்தது. பேசிவிட்டு வந்து, "ஒரு சாவுங்க. மத்தியானம் போயிட்டு ராத்திரிக்குள்ள வந்துருவேன்" என்றார். ஒருங்கிணைப்பாளர்கள், முடியாதென்று சொல்லக் கூடாதா என்று தயங்கிக் கேட்டார்கள். "அங்க நான் வாங்கித் தின்ன கடன் இருக்குதுங்க" என்றார். எங்களில் ஒரு பையன், நிஜமான ஆர்வத்தில்தான், "நாங்களும் வரலாமா ஆசானே? சாவுக்கு அடிக்கறத நேர்ல பார்க்கணும்" என்றான். இன்னும் நாலைந்து பேர் எழுந்தே விட்டார்கள்.

ஆசான் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அங்க வந்தா நீங்க கலைஞருங்க. நான் ஆளு. வேண்டாம் சாமி."

அவர் பைக்கில் போனபிறகு நாங்கள் அடவு பழகினோம். யாருக்கும் சரியாக வரவில்லை. இதே தோப்பில் வணக்கம் வைத்து அவரை ஆசான் என்கிறோம். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் அவர் 'ஆளு'. அதே பறை, அதே அடி, அதே கை. முகாம் இந்த தூரத்தைக் குறைக்கிறதா, மறைக்கிறதா? எனக்கு அன்று அதுதான் உறுத்தியது. எல்லோரும் பறையடிக்கலாம் என்றாகிவிட்டது, நல்லது. ஆனால் எல்லோரும் அடிக்கலாம் என்பது மட்டும் விடுதலை ஆகிவிடாது. அதில் பிறந்தவர் 'மாட்டேன்' என்று சொல்ல முடியணும். சொல்லிவிட்டு அடுத்த வெள்ளாமைக்கும் வேலையோடு இருக்க முடியணும். எடுக்கும் உரிமையும் விடும் உரிமையும் ஒரே உரிமைதான். ஒன்று இல்லாத இடத்தில் மற்றொன்று அலங்காரம்.

ராத்திரி பத்து மணிக்கு அவர் திரும்பினார். கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து எங்களோடு சாப்பிட உட்கார்ந்தார். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்களா என்று கேட்டேன். மகள் நர்சிங் படிக்கிறாளாம். "அதுக்கு இதுல இஷ்டமில்ல. ஒரு நாள் கூடத் தொட்டதில்ல" என்றார். நம் கலை அழிகிறதே என்ற வருத்தம் அவர் குரலில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது பெருமை.

ஏழாம் நாள் சாயங்காலம் ஊர்க்காரர்கள் முன்னால் நிகழ்ச்சி. சப்பரத்தடி, சாமிச்சாட்டு, ஒத்தையடி என்று கற்றதையெல்லாம் அடித்தோம். தோளும் தோளும் இடித்தன. என் இடது கை கடைசி வரை ஒட்டிக்கொண்டே வந்தது. சட்டப் படிப்புப் பெண்கள் அழுதார்கள். அப்பாவைக் கூப்பிட்டிருந்தேன், அவர் வரவில்லை.

மறுநாள் புதுப்பறையைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பா திண்ணையில் இருந்தார். பார்த்தவுடனேயே என்னவென்று தெரிந்துவிட்டது அவருக்கு.

"எங்கப்பன் கீழ வச்சத நீ எதுக்குக் கண்ணு எடுத்தாற?"

"இப்ப நெலம வேறப்பா. எல்லாரும் கத்துக்கறாங்க."

"எல்லாரும் கத்துக்கட்டும். நாம விட்டது தோத்து விட்டதில்ல. ஜெயிச்சு விட்டது. அது ஒனக்குத் தெரியணும்."

"தெரியும்ப்பா. அதனாலதான் பயப்படாம எடுத்தேன்."

அவர் பதில் சொல்லவில்லை. அம்மா காபி கொண்டுவந்து வைத்தது. பறையை அவர் தொடவில்லை, உள்ளே கொண்டுபோகச் சொல்லவும் இல்லை. டம்ளரைக் காலி செய்துவிட்டு, பழைய நடத்துநர் புத்தியில், கணக்குக் கேட்டார்.

"எவ்ளோ வாங்கினாங்க?"

"ஆளுக்கு 3,500. 24 பேரு."

"84,000." மனக்கணக்கு இன்னும் போகவில்லை அவருக்கு. "சொல்லிக்குடுத்தவருக்கு என்ன குடுத்தாங்க?"

அதை நான் விசாரித்திருந்தேன். "ஒரு நாளைக்கு 3,000 மேனிக்கு 21,000. சாப்பாட்டுச் செலவு, வாடகை போகக் கடைசியில அவங்க கையில எதுவும் நிக்கலைங்கப்பா. கணக்க எங்ககிட்டயே காட்டினாங்க."

"ம்." கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கையில குடுத்தாங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஆயா சொன்னது ஞாபகம் வந்தது. தாத்தா துண்டை ஏந்தி நிற்பார். காசு மேலிருந்து விழும். கையில் கை படாது.

"ஜீபேயில போட்டாங்கப்பா" என்றேன்.

அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. "அதுலயும் கை படாது பாரு" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது.

சிரித்து முடித்ததும் சொன்னேன்: "ஆனா கத்துக்குடுக்கறப்ப 24 பேர் கையையும் புடிச்சுத்தான்ப்பா கத்துக்குடுத்தாரு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஒத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. பறை இப்போது பெங்களூருவில் என் அறையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டைமாடியில் போய் அடிப்பேன். அப்பா போன் செய்தால் அதைப் பற்றிக் கேட்பதில்லை. ஆசானுக்கு அடுத்த முகாம் எப்போது, அப்போது நாள் கூலியை ஏத்துவார்களா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.